வைகாசிக்குக் காத்திருக்காத கல்லீரல்

பிரசவம் பார்க்கப் படித்தபோது கர்ப்பப்பையைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லித்தந்தார்கள். மாமியாரைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரம்பலூரில் என்னைப் போல் கிளினிக் வைத்து அவதிப்படும் சக டாக்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முடி முளைக்கிறதாம்

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி தேன்மொழியை மாமியார் அழைத்துவந்தார். தாய் இல்லாத பெண். உடம்பில் தடிப்பில்லை, சிரங்கில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் தூங்கவிடாமல் அரிக்கின்றன. கல்லீரலில் பித்தம் தேங்கினால் இப்படி அரிக்கும். தாய்க்கு அது தொல்லை; பிள்ளைக்கோ, வயிற்றுக்குள்ளேயே திடீரென்று துடிப்பு நின்றுபோகும் ஆபத்து. ரத்தம் எடுக்கணும் என்றேன்.

"புள்ளைக்கு முடி மொளைக்குது, அதான் அரிக்குது" என்றார் மாமியார். வயிற்றுப் பிள்ளையின் முடி தாயின் பாதத்தில் எப்படி அரிக்கும் என்று கேட்டேன்.

"நீங்க எத்தினி பெத்தீங்க டாக்டரம்மா?"

மஞ்சளுக்குள் மஞ்சள்

வளைகாப்பு முடித்துத்தான் ரத்தம் கொடுக்க வந்தார்கள். முகம், கை, கால் எங்கும் மஞ்சள் பூச்சு; தோலைப் பார்த்துக் காமாலையைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டது. கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது. காமாலை என்றேன்.

"மஞ்ச பூசுனா மஞ்சளாத்தான் தெரியும். இதுக்குப் படிக்கணுமா?"

ஒரு ஊசி போதும்

ரத்தத்தில் பித்தம் எகிறியிருந்தது. மாத்திரை கொடுத்தேன். அரிப்பு தணிந்தது, அளவு தணியவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும், இனிக் காத்திருந்தால் பிள்ளை தங்காது, நாளைக்கே வலி வரவைக்கணும் என்றேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டும் கணவன் தலையாட்டினான். அவன் தாயார் முறைத்ததும் ஆட்டுவதை நிறுத்திக்கொண்டான். சித்திரை முடியவில்லையாம், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாதாம்.

"வைகாசி மொத நாளே வந்துடறோம். அதுவரைக்கும் உள்ளயே இருக்க ஒரு ஊசி போடுங்க."

தேன்மொழி வாய் திறந்தாள்

அப்படி ஓர் ஊசி உலகத்திலேயே இல்லை என்று நான் நீண்ட பிரசங்கம் செய்தேன். மூவரும் கிளம்பி வாசல்வரை போனார்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத தேன்மொழி திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அத்தே, காலையிலேர்ந்து புள்ள சரியா அசையல. நான் இங்கயே இருக்கேன். நீங்க வேணா வைகாசியில வாங்க."

சித்திரைக்காரி

பெண் குழந்தை. பனிக்குட நீர் பச்சையாக வந்தது. வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருந்தது. பிறந்ததும் அழவில்லை. அந்த நேரத்தில் நான் படித்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கை தானாக வேலை செய்தது. பிறகு வீறிட்டாள். மாமியார் பேத்தியை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"டாக்டரம்மா, சர்டிபிகேட்ல மட்டும் வைகாசின்னு போட்டுடுங்க."

ஆக, இந்தத் தொழிலில் பிள்ளையை வெளியே கொண்டுவருவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை.