தம்பி பாதியில் விட்ட பேச்சும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

இன்று மதியம் என் பத்து வருடக் கம்ப்யூட்டரைக் கட்டைப்பையில் வைத்து, மடியில் அணைத்தபடி உக்கடத்திலிருந்து காந்திபுரத்துக்கு பஸ்ஸில் போனேன்.

போன சனிக்கிழமை தம்பியோடு ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தபோது, திரையில் படம் வரவைக்கும் அதன் கிராபிக்ஸ் கார்டு செத்துப்போனது.

தம்பி மஸ்கட்டில் வேலை செய்கிறான். போனில் "நல்லா இருக்கேன்க்கா" என்பதற்கு மேல் பேச மாட்டான். விளையாடும்போதுதான் மனசைத் திறப்பான்.

அன்று, "இங்க என்னால முடியலக்கா" என்று ஆரம்பித்தான். அப்போதுதான் திரை கருத்தது.

உடனே போன் செய்தேன். "ஒண்ணுமில்லக்கா, உடு" என்றான். வாரம் முழுக்க அதே பதில்.

காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டைக் கேட்டேன். கடைக்காரம்மா என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது உள்ளயே போகாதுங்க. உங்க பவர் சப்ளையும் தாங்காதுங்க."

"இன்னைக்கே ஓடணுமுங்க. தம்பிகூட விளையாடணும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்னதாக ஒன்றை எடுத்தார். "படம் சுமாராத்தான் இருக்குமுங்க. ஆனா பாதில நிக்காதுங்க."

மாட்டி ஆன் செய்தார். ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. கேபிளைத் தவறான இடத்தில் செருகியிருந்தார். மாற்றியதும் படம் வந்தது.

வீட்டுக்கு வந்து தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். "ஏழு மணிக்கு வாரேன்க்கா" என்று பதில் போட்டான்.

இப்போது ஆறே முக்கால். அந்தப் பேச்சை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.

தம்பி இருக்கிறவர்கள் சொல்லுங்கள். வந்ததும் விசாரிப்பதா, இல்லை முதலில் பத்துப் பேரைச் சுட விட்டுவிட்டு விசாரிப்பதா?