டாக்டர் சொன்ன புகை

குழந்தை மருத்துவர் சிவசாமி அவர்கள் காலமான செய்தியை எங்கள் ஜீப் ஓட்டுநர்தான் கொண்டுவந்தார். தடுப்பூசிக்கு வந்த குழந்தைகளுக்கு அப்போது எடை பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் அவருடன் வேலை பார்த்த நர்ஸ் என்பதால், இரங்கல் மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். நாலு தேறுமா என்று யோசித்துப் பார்த்தேன்.

தொண்ணூற்றேழில் மலைக்கு வந்த அன்றே, இஸ்திரி கலையாத சட்டையோடு நின்று, "இந்த ஜனங்களுக்கு எளிமையாச் சொன்னாத்தான் மண்டையில ஏறும், சிஸ்டர்" என்றார். மருந்தைப் பனிபோல் ஆக்கி, முகமூடி வழியே மூச்சில் சேர்க்கும் நெபுலைசருக்கு அவர் வைத்த எளிய பெயர் புகை. மலை மக்களின் மொழியில் பேசியவர் என்று இரங்கல் கூட்டத்தில் மைக் பிடித்துப் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களில் ஒருவரும் அந்த மொழியில் வைத்தியம் பார்த்துக்கொண்டதில்லை.

மலையிலேயே குண்டூர் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த செல்லம்மாவின் மகள் பூங்கொடி ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். சேலத்தில் பல வாரம் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து, தேறாத நுரையீரலோடு மலையேறினாள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து நுரையீரலை வளர்த்துவிடாது. இழுப்பு வரும்போது கொஞ்சம் வழி விடும், அவ்வளவுதான். அதையாவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். டாக்டரோ தலை நிமிராமல், காலையும் சாயங்காலமும் புகை வைக்க வேண்டும் என்றார். எங்கே என்று சொல்லவில்லை. இயந்திரம் ஆஸ்பத்திரியில் இருப்பதால் இங்கேதான் வருவாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

சில நாளில் செல்லம்மா, உதடு நீலம் பாய்ந்த பிள்ளையோடு ஓடிவந்தாள். ஏன் புகை வைக்க வரவில்லை என்று டாக்டர் கத்தினார்.

"ரெண்டு வேளையும் வச்சேனுங்க. தண்ணி வாத்து, கதவச் சாத்திக்கிட்டு, ஊடு நெறையச் சாம்பிராணி போட்டேனுங்க."

குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? டாக்டரின் அம்மாவும் காட்டித்தான் வளர்த்திருப்பார். அவர் "காட்டுமிராண்டிங்க" என்றார். சொல்லிக்கொண்டே முகமூடியைப் பிடித்திருந்தார். இழுப்பு தணியும்வரை கையை எடுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மலரில் போட மாட்டார்கள். பிறகு ஆக்சிஜனோடு கீழே அனுப்பினோம், பிழைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து டாக்டர் புகையை விட்டு 'ஆவி' என்று சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைக்கு ஆவி வைக்கப்போகிறார்கள் என்று பயந்து, சிலர் விபூதி போடக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மன்னிப்பு என்ற எளிய சொல் மட்டும் அவருக்குக் கடைசிவரை வாயில் வரவில்லை.

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். தலைமாட்டில் ஒரு சட்டியில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. செல்லம்மா வந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பூங்கொடியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கும்பிட்டாள். பிறகு அந்தச் சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கிப்போய்க் கொல்லைப்புறத்தில் வைத்தாள். டாக்டரின் தம்பி என்னவென்று கேட்டார்.

"டாக்டருக்குச் சாம்பிராணி ஆவாதுங்க. அன்னிக்கு என்னைய அந்தப் பேச்சுப் பேசுனாருங்களே."

அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை. போய் வாருங்கள், டாக்டர். அவள் இன்னமும் நீங்கள் சொன்னபடிதான் கேட்கிறாள்.