இடது கைக்கு மாறிய சாம்பியன்

என் தம்பியை எல்லாரும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் அவன் லிப்ட் மெக்கானிக். மாலையில் கிரீஸ் படிந்த கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நான் நடத்தும் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு வருவான். நாடு முழுக்கப் போய் அவன் ஜெயித்துவந்த கோப்பைகள் என் கல்லாவுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தூசி துடைக்கும் வேலை மட்டும் என் தலையில் விடிந்தது.

அவன் ஆடுவதைப் பார்க்க வேண்டும். அவசரமே கிடையாது. மேஜையை ஒரு சுற்று சுற்றிவந்து, குனிந்து, அலுங்காமல் குச்சியைத் தள்ளுவான். பந்து குழிக்குள் விழும். வெள்ளைப் பந்து அடுத்த அடிக்குத் தோதான இடத்தில் போய் நிற்கும். கடைசியாகக் கறுப்புப் பந்தைப் போட்டுவிட்டு, எதிராளியிடம் மன்னிப்புக் கேட்பவன் மாதிரி சிரிப்பான். சும்மா சொல்லக் கூடாது, அவனைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெருமைதான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. கூடத்தில் இருப்பதே ஒரு மேஜை. ஜெயித்தவர் தொடர்ந்து ஆடுவார், தோற்றவர் குச்சியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்காருவார், இதுதான் எங்கள் வழக்கம். இவன் தோற்றால்தானே! வந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஆட்டம் தோற்றுவிட்டு, கொட்டாவி விட்டபடி பெஞ்சைத் தேய்த்தார்கள். பிறகு அதற்கும் வரவில்லை.

இப்படியே போனால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் அவனைப் பிடித்துக்கொண்டேன். வேண்டுமென்றே தோற்றுத் தொலையேன் என்றேன். முயன்றும் பார்த்தான், பாவம். தப்பாக அடித்த பந்து அங்கே இங்கே முட்டிவிட்டு, வேறொரு குழியில் போய் விழுந்து வைத்தது. எதிரே ஆடிய பஸ் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் இடது கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா, கையில அடிபட்டுச்சா?"

"இல்லக்கா. பொய்யா ஆட எனக்கு வரல. இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது, இதுல நெசமாவே தோக்கலாம்."

தோற்றான். கண்டவரிடமெல்லாம் தோற்றான். சாம்பியனையே சாய்த்துவிட்டேன் என்று ஆளாளுக்குத் தம்பட்டம் அடிக்க, கூட்டம் அள்ளியது. அவனோ பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, டீ குடித்தபடி அடுத்தவர் ஆட்டத்தை வாய் பிளந்து பார்த்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

கை சும்மா இருக்குமா? நாளாக ஆக அதுவும் கற்றுக்கொண்டது. ஒரு சாயங்காலம் மறுபடி பஸ் டிரைவரோடு ஆட்டம். தன் பந்துகளையெல்லாம் போட்டுவிட்டான். கறுப்புப் பந்து குழி வாசலில் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். குனிந்தவன் அப்படியே நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பெஞ்சு நிறைய ஆட்கள். இவன் ஜெயித்தால் இவர்களும் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அத்தனை கோப்பை வாங்கியவன், ஜெயிக்கட்டுமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டு நிற்கிறான். எனக்குத் தாங்கவில்லை.

"என்னடா பாக்குற? போடு" என்றேன்.

போட்டான். பஸ் டிரைவர் குச்சியை அடுத்து ஆட வேண்டிய தையற்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"நாங்க ஜெயிச்சது போதும், சாம்பியன்" என்றார் தையற்காரர். "அந்த வலது கைகிட்ட ஒரு தடவ தோக்கணும் எனக்கு."