கம்பெனிப் பெட்டியில் வந்த பெல்ட்

அப்பாவின் உதிரிபாகக் கடையில் அவள் கல்லாவில் உட்கார்ந்த காலத்தில், டைமிங் பெல்ட் கேட்டு வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான்: "கம்பெனியா, வெளியா?" கம்பெனி என்றால் கார் கம்பெனியின் முத்திரைப் பெட்டியில் வருவது, விலை கையைக் கடிக்கும். வெளி என்றால் மற்றவர்கள் செய்து விற்பது. அதில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. அதற்குமேல் அவள் யோசித்ததில்லை, அந்த டாக்சிக்காரர் வரும்வரை.

அவர் அப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். "கம்பெனியே குடுங்க. என் பொழப்பே இதுலதான்" என்றார். கொடுத்தாள். சில வாரங்களிலேயே, அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மேடு ஏறும்போது போயிருக்கிறது. என்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடுவது அந்தப் பெல்ட்டின் தயவில்தான். வால்வெல்லாம் வளைந்துவிட்டன.

கடையே இரண்டாகப் போகிறது என்று அவள் நினைத்தாள். அவரோ பெல்ட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"பெட்டியப் பிரிச்சுட்டா எங்க பொறுப்பு இல்லைங்க. மாட்டுனவன் சரியா மாட்டியிருக்க மாட்டான்" என்று அப்பா ஆரம்பித்தார்.

அவள் பெல்ட்டின் முதுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எழுத்து உதிர்ந்து கையோடு வந்தது. அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துப் பிரித்தாள். அதிலும் அதே கதை. பெட்டி அச்சு அசல். உள்ளே இருந்தது போலி. தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து வந்து ஒவ்வொன்றாக நறுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற? குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்ல?"

"அவன் வேற யார் தலையிலயாவது கட்டுவான்ப்பா."

அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் தடுக்கவில்லை. என்ஜின் வேலையையும் கடையே ஏற்றது.

அடுத்து எதை மாட்டுவது? அவள் பட்டறைக்குப் போய், புதிதில் கம்பெனியே மாட்டி அனுப்பி, பிறகு கழற்றிப் போட்ட பழைய பெல்ட்டுகளைத் துடைத்துப் பார்த்தாள். கார் கம்பெனியின் முத்திரைக்குப் பக்கத்தில், பெல்ட் செய்தவர்களின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதே ஆட்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பதும் கடைத்தெருவில் 'வெளி'தான். அதில் ஒன்றை நம்பகமான இடத்தில் பார்த்து வாங்கி வந்தாள்.

டாக்சிக்காரர் தயங்கினார். "வெளி பெல்ட்டாங்க?"

"பெட்டிதான் வெளி. செஞ்ச கை ஒண்ணுதான். பயமா இருந்தா முதல் ஓட்டத்துக்கு நானும் வரேன்."

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்சீட்டில் அவளும் பின்சீட்டில் இருமிக்கொண்டே அப்பாவுமாக அந்த மேட்டில் ஏறினார்கள். வண்டி முனகக்கூட இல்லை. உச்சியில் நிறுத்தியபோது, ஊர் முழுக்கக் கூரை கூரையாகக் கீழே கிடந்தது.

அதன்பிறகு அவர் பல்ப் வாங்க வந்தார். வைப்பர் வாங்க வந்தார். மறுபடியும் பல்ப்.

"இந்த ஆளு வண்டியில இன்னும் எத்தனை பல்ப்தான் எரிஞ்சுபோகும்?" என்றார் அப்பா.

"நீங்க கேட்டாதான் நிக்கும்" என்றாள் அவள், கணக்குப் போடுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டு. அப்பா கேட்டார். கல்யாணம் நடந்தது.

தெருவில் அவளுக்குப் 'பெல்ட்டக்கா' என்ற பெயர் நிலைத்தது. பெட்டியைப் பிரித்து, வளைத்து, சுரண்டிப் பார்க்காமல் ஒரு பெல்ட்டையும் விற்க மாட்டாள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ரோலரையும் சேர்த்து மாற்றச் சொல்லி நச்சரிப்பாள். கடையில் யாராவது அவசரப்படுத்தினால், "இருங்க, கார் எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாள். ஓடாத கார்தானே வந்திருக்கிறது என்று மெக்கானிக்குகள் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் அந்த டாக்சியின் பின்சீட்டில் தூங்கித் தூங்கியே வளர்ந்தார்கள். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். வழியெல்லாம் மருமகனிடம் கியர் மாற்றத் தெரியவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டே போனார்.

கணவருக்குப் பார்வை மங்கியதும் வண்டியை விற்றார்கள். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது கணவர் வாசலுக்கு வரவில்லை. அவள்தான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்தபோது அவர், "சத்தம் சீரா இருந்துச்சுல்ல?" என்றார்.

"ம்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.