உப்புத் துணி

எனக்கு எழுத்து தடுமாறும். எண் தடுமாறாது, காலமெல்லாம் மீன் தராசு பிடித்தவள். அதனால் செங்கல்பட்டு அக்குபங்சர்காரரின் மெஷினில் வந்த எண்ணை யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கால் விழுந்துவிட்டது. பெரிய டாக்டர்கள் இனி இவ்வளவுதான் என்றுவிட்டார்கள். மாமல்லபுரத்துப் பக்கம் எங்கள் குப்பத்திலிருந்து வாரம் ஒரு முறை ஆட்டோவில் அவரை அழைத்துப்போனேன். ஊசி குத்துமுன் அக்குபங்சர்காரர், முனையில் ஈரப் பஞ்சு வைத்த பேனா போன்ற ஒன்றைக் கால் விரலோரம் புள்ளி புள்ளியாக வைப்பார். தோலில் கரண்டு எவ்வளவு ஓடுகிறது என்று அது காட்டுமாம். இடது கால் ஐம்பது. வலது கால் பதினெட்டு.

"ரெண்டும் சமமா வந்துட்டா நடந்துடுவார்மா" என்றார்.

ஒரு வாரம் நான் கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது. அதே கையால் அவருடைய வலது காலைத் துடைத்துச் செருப்பு மாட்டினேன். அன்றைக்கு அந்தக் கால் நாற்பத்தாறு காட்டியது.

திரும்பும்போது ஆட்டோவில் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"பாத்தியா கெய்வி? அடுத்த மாசம் கடலுக்குப் போறேன்."

"மொதல்ல கக்கூசுக்குப் போய்யா."

அடுத்த வாரம் சோப்புப் போட்டுக் கழுவி அழைத்துப்போனேன். இருபது. இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை அவர். அது உப்பு செய்த வேலை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு வாராவாரம் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் காலைத் துடைத்தேன். எடையில் யாரையும் ஒரு மீன்கூட ஏமாற்றாதவள் நான். எண் ஏறியது. அக்குபங்சர்காரர் நோட்டில் குறித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். கால் கிடந்த மாதிரியே கிடந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்கே வெறுத்துப்போயிற்று. துணியை எடுக்காமலே செருப்பை மாட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, இன்னிக்கி உப்புத் துணி இல்லியா?"

"உனக்குத் தெரியுமாய்யா?"

"காலுதான் செத்துப்போச்சி. கண்ணு நல்லாத்தான் கீது. தொடச்சி வுடு, ஆட்டோ வந்துகினு கீது."

துடைத்துவிட்டேன். அன்றைக்கு ஐம்பத்தொன்று. "நான்தான் சொன்னேனே!" என்றார் அக்குபங்சர்காரர். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

குப்பத்துக்குத் திரும்பினோம். ஆட்டோவிலிருந்து அவரை இறக்கி, தோளில் தாங்கி வீட்டுக்கு நடத்திக்கொண்டுபோனேன். வலது கால் மணலைக் கிழித்துக்கொண்டே பின்னால் வந்தது.