சாரக்கயிற்றில் ஒரு முழம்

பக்கத்து மனையில் வீடு எழும்புகிறது. சன்னலைத் திறந்தால் ஈரச் சிமெண்டு வாசம்தான். சூப்பர்வைசராம், மஞ்சள் தொப்பியை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வேப்பமர நிழலில் போன் பார்க்கிறார். பெண்கள் கலவைச் சட்டியோடு தாங்களாகவே சாரத்தில் ஏறுகிறார்கள். அவர் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. வந்து என்ன? போய்ச் சொல்ல வாய் வராது. வரவேண்டிய அன்றைக்கே வராத வாய்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில், எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ பேக்டரி கட்டும்போது சித்தாள் வேலைக்குப் போனேன். பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேக்டரியிலிருந்து மரவள்ளிக் கிழங்குத் தண்ணி புளித்து நாறும். அந்த நாற்றத்தில்தான் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடுவோம்.

அன்றைக்குச் சாரம் என்றால் சவுக்குக் கம்பும் தேங்காய் நார்க் கயிறும். தினமும் மேஸ்திரிதான் முதலில் ஏறுவார். ஒவ்வொரு பலகையையும் தை தை என்று மிதிப்பார், ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பார். சும்மாடும் கையுமாக நாங்கள் கீழே வெயிலில் காய்வோம். கூட வேலை செய்த பாவாயிக்குப் பொறுக்காது.

"ஏனுங்க மேஸ்திரி, ஆட்டம் முடிஞ்சுதுங்களா? பொழுது உச்சிக்கு வந்துருச்சு."

"நீ ஊடு போய்ச் சேரோணுமில்ல அம்மிணி, அதுக்குத்தான் ஆடறேன்."

முடிச்சுக்கு முடிச்சு ஒரு முழம் கயிற்றைத் தொங்க விடுவார். வீண் என்றுதான் எங்களுக்குப் படும். விறகு கட்டக் கயிறில்லாமல் நாங்கள் அல்லாட, இங்கே முழம் முழமாகத் தொங்கினால் வயிறு எரியாதா? ஒரு சாயங்காலம் மூன்று நுனிகளை ஒட்ட அறுத்து, ஒன்றாய் முடிந்து, விறகைக் கட்டிக்கொண்டு வீடு வந்துவிட்டேன். இந்த ஊமைச்சிமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

மறுநாள் காலை வழக்கம்போல் அவர் ஏறி மிதித்தார். நுனி இல்லாத முடிச்சு கனம் பட்டதும் உருவிக்கொண்டது. பலகை சாய்ந்து மணல் குவியலில் விழுந்தார். எழுவதற்கு முன்னால் அவர் சொன்னது, "ஒருத்தரும் ஏறாதீங்க."

இடது மணிக்கட்டு கோணிக்கிடந்தது. அவருக்கு அடுத்து அந்தப் பலகையில் நிற்க வேண்டியவள் நான்தான்.

யார் அறுத்தது என்று முதலாளி கத்தினார். பாவாயி என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டுத் திட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து மேஸ்திரி, மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டோடு வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய கயிற்றுச் சுருள் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போட்டார்.

"வெறகு கட்டறவங்க இதுல எடுத்துக்கோங்க. முடிச்சுல கை வெக்காதீங்க, சாமி."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். பிறகு ஒற்றைக் கையோடு ஏறி, முதல் பலகையிலிருந்து மிதிக்க ஆரம்பித்தார். அவர் இறங்கும்வரை பாவாயி சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே வெயிலில் நின்றாள்.

இப்போது இரும்புக் குழாய்ச் சாரம். நார்க் கயிறு இல்லை. மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துவிட்டார், அறுத்தது நான்தான் என்று சொல்ல இனி ஆளில்லை. பக்கத்து மனையில் எட்டு மணிக்கே எல்லாரும் மேலே ஏறிவிடுகிறார்கள். வெயிலில் காக்கவைக்க யாரும் இல்லை.