ராணியைக் கூப்பிட்ட ஹாரன்

குதிரை மயிர் ஒட்டிய கித்துள் கருப்பட்டியைத் தின்று வளர்ந்தவர்கள் மாத்தளையில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் நாக்கில் லேசான உப்பு, அது குதிரையின் வியர்வையா மாமாவின் வியர்வையா என்று நான் ஆராய்ந்ததில்லை. பிறகு புகை மணக்கும் இனிப்பு. கடைசியில் பல்லிடுக்கில் சிக்கும் அந்த ஒற்றை மயிர். அதைத் துப்பிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டுவேன். ஆள் வளர்ந்தாலும் அந்த அளவுக்குத்தான் நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளோடு சில வருடங்கள் கிடந்துவிட்டு, ஒருநாள் பேக்கரிக்காரர் பாண் விற்ற பழைய வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். குதிரை இருக்கும் இடத்துக்கே தேடிப் போய் அதைப் பழக்குவது, குளம்பு சீவுவது, காயத்துக்கு மருந்து கட்டுவது, இதுதான் தொழில். வேனின் பக்கவாட்டில் 'நடமாடும் குதிரைப் பயிற்சி, பராமரிப்பு' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தார். பூச்சையும் மீறி அடியில் பழைய பேக்கரியின் பெயர் தெரிந்ததால், பலாபத்வலைப் பக்கம் போனால் பெண்கள் கை காட்டி நிறுத்தி "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றார்கள். உள்ளே குதிரை இருக்கிறது என்று நம்பிப் பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள், வாளியையும் பிரஷ்ஷையும் பார்த்துவிட்டு மாமாவை ஏசிவிட்டுப் போனார்கள்.

"ஏன்டா, இந்த மாத்தளையில மொத்தம் எத்தன குதிர இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சு மூணு இருக்குக்கா."

"மூணு குதிரைக்கு ஒரு வேனா?"

"போட்டிக்கு ஆளே இல்லயேக்கா!"

இவ்வளவு தெளிவான வியாபாரத் திட்டத்தை அதற்குப் பிறகு நான் எந்த வங்கியிலும் கேட்டதில்லை.

மூன்றில் ஒன்று தோட்டத்துத் துரை பங்களாவில் தின்று கொழுத்து, ஓடுவதென்றால் என்ன என்பதை மறந்திருந்தது. இன்னொன்றுக்குக் கண் தெரியாது. மிச்சம் ராணி. அலுவிகாரையில் 'ஸ்பைஸ் கார்டன்' வைத்திருந்த ஹாஜியாரின் வெள்ளைக் குதிரை அது. வெள்ளைக்காரர்கள் ஏறிப் படம் பிடிக்கட்டும் என்று வாங்கியிருந்தார். அதுவோ யாரையும் கிட்டே விடாமல் உதைத்தது.

"தம்பி, ஸ்கூல் லீவு முடியிறதுக்குள்ள இதப் பழக்கித் தாங்க," என்றார் ஹாஜியார். "தம்புள்ளையில ஹோட்டல் வெச்சிருக்கிற நம்ம கூட்டாளி குதிரைகள் எடுக்கப் போறார். அவர்ட்ட ஒங்களத்தான் சொல்லுவேன். ஏலாட்டி சொல்லுங்க, இத வித்துர்றேன்."

ஆக, ராணியின் இருப்பிடமும் மாமாவின் தொழிலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

குதிரையிடம் சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது என்பது மாமாவின் கொள்கை. "கதவத் தட்டாம உள்ள வர்றவன் மேல நமக்கே கோவம் வருதில்ல?" என்பார். அதற்காகப் பழைய லொறிச் சாமான் கடையில் மூன்று சுரத்தில் ஏறி இறங்கும் ஹாரன் ஒன்றை வாங்கி வேனில் பூட்டினார். தோட்டத்துக்குள் திரும்பியதும் ஹாரன், கிட்டே போனதும் உள்ளங்கையில் கருப்பட்டி. தொழுவம் மிளகுக் கொடிகளுக்கும் கொக்கோ மரங்களுக்கும் பின்னால் பள்ளத்தில் இருந்ததால் ரோட்டுச் சத்தம் எட்டாது. அந்த மிருகத்தின் உலகத்தில் ஹாரன் என்றால் மாமா மட்டும்தான். வீடு திரும்பும்போதும் அதையே அடிப்பார். நான் வாசலுக்கு ஓடுவேன். மீதித் துண்டு எனக்கு.

கொஞ்சம் கொஞ்சமாக உதை நின்றது. ஹாரன் கேட்டால் ராணி காதை நிமிர்த்தி வேலியருகே வந்து நின்றது. பிறகு காலைத் தூக்கிக் காட்டவும் சம்மதித்தது.

லீவு முடியும் தறுவாயில் தம்புள்ளை ஹோட்டல்காரர் வந்தார். அவர் பார்ப்பதற்காக, என்னையும் கூட்டிப் போயிருந்த மாமா, ராணியை முதன்முறையாக முன்வாசலுக்கு, ரோட்டோரத்துக்குக் கூட்டிவந்தார். ஹோட்டல்காரர் கழுத்தைத் தடவினார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், முதுகில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கினார். "நாளைக்கே ஹோட்டல் பக்கம் வாங்க," என்று அவர் சொல்லி முடிக்கவும், கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறியொன்று தம்புள்ளைப் பக்கமாக மூன்று சுரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போகவும் சரியாக இருந்தது.

லொறிச் சாமான் கடையில் வாங்கிய ஹாரன் லொறிகளிலும் இருக்குமே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்கும் அம்மாவுக்குக்கூட.

ராணி மாமாவின் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு லொறியின் பின்னால் ஓடியது. கண்ணாடியில் குதிரையைப் பார்த்த டிரைவர், எதிரே வருபவர்களை எச்சரிக்க இன்னும் பலமாக அடித்தார். அவர் அடிக்க அடிக்க அது இன்னும் வேகமாக ஓடியது. நானும் மாமாவும் வேனில் துரத்தினோம். வேறு வழி தெரியாமல் மாமாவும் ஹாரனை அழுத்தினார். ராணி நடுரோட்டில் நின்றது. முன்னால் ஒரு மாமா, பின்னால் ஒரு மாமா. எங்கள் பக்கம்தான் திரும்பியது. திரும்பிய வேகத்தில் தாரில் வழுக்கி முழங்காலடித்து விழுந்தது.

காயத்துக்கு மாமாவே மருந்து கட்டினார். ஆறியது, நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. ஹோட்டல்காரர் திரும்பி வரவில்லை. ஹாஜியார் கோபப்படவுமில்லை. "புள்ள நல்ல புள்ளதான் தம்பி. ஆனா ரோட்டோரத்துல இத வெச்சிருக்கேலாது," என்றார்.

அன்றிரவு அம்மா, "அது அறிவு கெட்ட குதிரடா, விடு," என்று தேற்றப் பார்த்தாள்.

"அப்டிச் சொல்லாதக்கா. நான் சொல்லிக் குடுத்தத ஒரு எழுத்துக்கூட விடாமச் செஞ்சிருச்சு," என்றார் மாமா. அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

விற்ற ராணியைக் கொண்டுபோக லொறி வந்தது. குதிரையை லொறியில் ஏற்றுவது பெரும்பாடு என்பார்கள். இழுப்பதற்கென்று ஆட்களும் வந்திருந்தார்கள். டிரைவர் தோட்டத்துக்குள் திருப்பி நிறுத்தி, வந்துவிட்டதைத் தெரிவிக்க அதே மூன்று சுர ஹாரனை அடித்தார். ராணி காதை நிமிர்த்தி, நொண்டி நொண்டிப் போய், யாரும் இழுக்காமலே பலகையில் ஏறிக்கொண்டது. மாமா ஓடிப்போய் உள்ளங்கையை நீட்டினார். கூப்பிட்டால் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் பழக்கியதுதானே.

வேன் மறுபடியும் பாண் விற்கப் போனது. மாமா இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஹாரனைத் தொடுவதே இல்லை, ஒவ்வொரு வாசலிலும் இறங்கிப் போய்ப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஹாஜியாரின் தொழுவம் இருந்த பள்ளத்தை நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் பலாபத்வலையில் பஸ்ஸுக்கு நின்றபோது, எங்கிருந்தோ ஒரு கிழட்டு லொறி அதே மூன்று சுரத்தில் அலறிக்கொண்டு போனது. வாயில் எச்சில் ஊற, நரைக்கத் தொடங்கிய தலையோடு நான் ரோட்டை நோக்கி இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "பாத்துங்க ஐயா!" என்றார்.

மாமா பழக்கியவற்றில் மாத்தளையில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.